மெட்டல் டிடெக்டர் காட்டும் எண்ணை எவ்வளவு ஆழம் வரை நம்பலாம்? செம்மண்ணிலும் கரிசலிலும் செய்த குழாய்ச் சோதனை

அரைப் பவுன் மோதிரம், செம்மண்ணுக்குள் 20 செ.மீ. ஆழம். அதன் மேல் மெட்டல் டிடெக்டரின் காயிலை (தரையை ஒட்டி வீசும் வட்டமான தலை) இருபது முறை வீசியதில் ஒன்பது முறை கருவி இரும்பு என்றது. நான்கு முறை சத்தமே இல்லை. நான்கு முறை சம்பந்தமில்லாத எண் (அடியில் என்ன வகை உலோகம் என்று கருவி திரையில் காட்டுவது இந்த எண்). சரியான எண் வந்தது மூன்றே முறை. அதே மோதிரத்தை அதே இடத்தில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஏற்றியதும் இருபதில் பத்தொன்பது முறை சரியாக வந்தது. நடுவில் இருக்கும் அந்தப் பத்து செ.மீ.யில் எண் எப்படி உடைகிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

நோக்கம் புதையல் அல்ல. களை எடுக்கும்போதும், நாற்று நடும்போதும், கடலை பிடுங்கும்போதும் வயலில் தவறிப்போகும் மோதிரம், கம்மல், கொலுசு, தாலிச் செயினைத் தேடி எடுத்துக் கொடுப்பது. மதுரையைச் சுற்றி இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழடிப் பக்கமோ, சமணர் மலை, யானைமலை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கமோ காயிலை இறக்கவே கூடாது. சொந்த நிலமாக இருக்க வேண்டும், அல்லது நிலத்துக்காரரின் அனுமதி இருக்க வேண்டும். தேடும்போது பழைய பொருள் ஏதாவது கிடைத்து அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. சோதனைக்குப் பயன்படுத்திய பழைய காசுகூட வீட்டுப் பெட்டியில் இருந்ததுதான்.

கருவி 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசையில் ஓடுவது. 11 அங்குல டிடி காயில் (D வடிவில் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளது), திரையில் 0 முதல் 99 வரை எண். எங்கள் அமைப்பில் 20க்குக் கீழே இரும்பு. மற்ற கருவிகளில் எண் வேறாக இருக்கும். அதனால் கீழே வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எந்த ஆழத்தில் எப்படிச் சிதறுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

இடம் இரண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு செம்மண் மானாவாரி நிலம். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் காடு.

முதலில் செய்த தப்பு

மம்பட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, காசை வைத்து, மண்ணைப் போட்டு மிதித்து, மேலே தண்ணீர் ஊற்றி இறுக்கிவிட்டு அளந்தோம். வந்த எண்கள் எதுவும் உதவவில்லை. காசே இல்லாத வெறும் குழியும் சத்தம் போட்டது. காரணம் எளிது. கெட்டியாக இருந்த மண்ணில் ஒரு ஓட்டை விழுந்து, அதில் பொலபொலவென்ற மண் நிரம்பினால், சுற்றியுள்ள மண்ணுக்கும் அந்த இடத்துக்கும் காந்த வேறுபாடு வந்துவிடுகிறது. கருவிக்கு அது ஒரு பொருள் மாதிரி. மழை இரண்டு பருவம் பெய்து மண் படிந்தால் இந்தக் கோளாறு குறையும். அதுவரை காத்திருப்பதற்குப் பதிலாக, மேல் மண்ணைத் தொடாமல் பக்கவாட்டில் நுழையும் வழி தேவைப்பட்டது.

சாய்வுக் குழாய்

தரையில் 45 டிகிரி சாய்வாக ஒரு பிவிசி குழாயை இறக்கிவிட்டு, கட்டையின் நுனியில் பொருளை ஒட்டி உள்ளே தள்ளினால், பொருளுக்கு நேர் மேலே கை படாத மண் இருக்கும். ஆழத்தை நொடியில் மாற்றலாம். பொருளும் தொலையாது.

40 மி.மீ. பிவிசி குழாய் பத்தடி நீளம் ஒன்று வாங்கினால் 60 செ.மீ. துண்டுகள் ஐந்து வரும். நிலத்தில் துளை போடக் கடப்பாரை மட்டும் போதாது, துளை கோணலாகிவிடும். ஒன்றேகால் அங்குல ஜிஐ இரும்புக் குழாயின் வெளி விட்டம் 42 மி.மீ.; 40 மி.மீ. பிவிசி அது நிலத்தில் போடும் துளைக்குள் கச்சிதமாக இறங்கும். பழைய இரும்புக் கடையில் மூன்றடித் துண்டு ஒன்று எடுத்து, லேத்தில் கொடுத்து ஒரு முனையைக் கூராக்கினோம். சாய்வுக்கு ப்ளைவுட்டில் ஒரு முக்கோணச் சட்டம். சட்டத்தின் மேல் குழாயைச் சாய்த்து, மரச் சுத்தியலால் அடித்து, பத்து செ.மீ.க்கு ஒரு தடவை வெளியே உருவி உள்ளிருக்கும் மண்ணைத் தட்டிவிட வேண்டும். ஒரேயடியாக அடித்தால் மண் அடைத்துக்கொண்டு மேற்கொண்டு இறங்காது. செம்மண்ணில் மேலே ஒரு முழத்துக்குள்ளேயே சரளை வந்துவிடுகிறது. இரண்டு துளைகள் கல்லில் இடித்து வீணாயின.

பிவிசியை இறக்கிய பிறகு வெறும் குழாயின் மேல் காயிலை வீசிப் பார்க்க வேண்டும். எந்தச் சத்தமும் வரக்கூடாது. ஒரு குழாயின் அருகே 30ஐ ஒட்டி ஒரு எண் வந்துகொண்டே இருந்தது. நோண்டிப் பார்த்ததில் மாத்திரை அட்டையின் ஒரு மூலை. இன்னொன்றில் ஜிஐ குழாயிலிருந்து உதிர்ந்த துருச் செதில். ஈரத்துணி சுற்றிய கட்டையை விட்டுத் துடைத்து எடுத்ததும் அடங்கியது.

பொருளைத் தாங்க 25 மி.மீ. உருட்டுக் கட்டை, 75 செ.மீ. நீளம். நுனியை 45 டிகிரியில் அறுத்துவிட்டால் அந்த முகம் நிலத்துக்குள் படுக்கையாக நிற்கும். அதில் காசை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டலாம். கட்டையை அதன் அச்சிலேயே அரைச் சுற்று திருப்பினால் அதே முகம் செங்குத்தாகிவிடும், அதாவது காசு விளிம்பில் நிற்கும். இது திட்டமிட்டுச் செய்ததல்ல. கட்டையைத் திருப்பும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. சோதனையில் பிற்பாடு மிகவும் உதவியது இதுதான். கட்டையின் மேல் பக்கம் முழுக்க ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். கோடு மேலே இருந்தால் படுக்கை, கீழே போனால் செங்குத்து. மோதிரம் என்றால் டேப்போடு ஒரு மீன்பிடி நரம்பும் கட்டி, நுனியை வெளியே விட வேண்டும். தங்கத்தை நரம்பு கட்டாமல் குழாய்க்குள் விடாதீர்கள்.

45 டிகிரியில் 5 செ.மீ. ஆழத்துக்குக் குழாயில் 7.1 செ.மீ. உள்ளே போக வேண்டும். 10க்கு 14.1, 15க்கு 21.2, 20க்கு 28.3, 25க்கு 35.4, 30க்கு 42.4. கட்டையில் இந்த அளவுகளைப் பேனாக் கத்தியால் கீறிக்கொண்டோம். மையால் போட்டவை ஈர மண்ணில் அழிந்துபோயின.

இங்கேதான் இரண்டாவது தப்பு. செம்மண்ணில் முதல் குழாயில் நான்கு நாள் அளந்த எண்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நன்றாக இருந்தன. அளவுக்கு மீறி நன்றாக இருந்ததால், கட்டையின் மேல் கைப்பேசியை வைத்துச் சாய்வை அளந்தோம். 38 டிகிரி. சட்டம் அடியில் புழுதியில் புதைந்து சாய்ந்திருக்கிறது. 38 டிகிரியில் 42.4 செ.மீ. உள்ளே போனால் ஆழம் 30 இல்லை, 26தான். 20 என்று எழுதியது உண்மையில் 17.4. அந்த நான்கு நாள் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினோம். குழாய் இறக்கியவுடன் சாய்வை அளப்பது ஒரு நிமிட வேலை.

காயிலின் உயரமும் இதே போலத்தான். கையில் பிடித்து வீசினால் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இரண்டு செ.மீ. வித்தியாசம் வரும். ஆணி அடிக்காத 12 மி.மீ. ப்ளைவுட் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் காயிலைத் தேய்த்தபடி நகர்த்தினால் இந்தக் குழப்பம் போய்விடும்.

மோதிரத்தின் கணக்கு

ஒவ்வொரு ஆழத்திலும் இருபது வீச்சு. கிழக்கு மேற்காகப் பத்து, வடக்கு தெற்காகப் பத்து. ஒரு மீட்டர் தூரத்தை ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடக்கும் வேகம். ஒருவர் வீச, மற்றவர் திரையைப் பார்த்து எழுதினார். காற்றில் அந்த 4 கிராம் 22 கேரட் மோதிரத்தின் எண் 47. அதிலிருந்து மூன்று கூடவோ குறையவோ வந்தால் சரி என்று வைத்துக்கொண்டோம்.

செம்மண்ணில், சரியாக வந்தவை:
5 செ.மீ. — 20க்கு 20.
10 செ.மீ. — 20க்கு 19.
15 செ.மீ. — 20க்கு 11. மூன்று முறை இரும்பு, ஆறு முறை 35க்கும் 62க்கும் நடுவே எங்கெங்கோ.
20 செ.மீ. — 20க்கு 3. மீதியை முதலிலேயே சொல்லியாயிற்று.
25 செ.மீ. — ஓரிரு கீச்சுச் சத்தம். எண் என்று சொல்ல எதுவும் இல்லை.

காய்ந்த கரிசலில் 15 செ.மீ.யில் 17ம், 20 செ.மீ.யில் 9ம் சரியாக வந்தன. அதாவது செம்மண்ணைவிட ஒரு கட்டை விரல் நீளம் ஆழமாக எண் தாக்குப்பிடித்தது.

செம்மண் என்றாலே மோசம், நிறம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் சொல்லாது, காந்தம் சொல்லும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலிதீன் பையில் போட்டு, காயவைத்துச் சலித்த ஒரு கிலோ மண்ணில் பத்து நிமிடம் அளைந்து, பையைத் தலைகீழாக்கி ஒட்டியதை நிறுத்துப் பாருங்கள். எங்கள் செம்மண்ணில் 9 கிராம் கருப்புத் தூள். கரிசலில் 2 கிராம்தான். மழை வடிந்த பிறகு செம்மண் வண்டித் தடத்தின் ஓரமாக, மை பூசினாற்போல ஒரு கருங்கோடு படிந்து கிடக்கும். அதுவும் இதே தூள்தான், பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. மதுரை வட்டாரத்தின் பாறை சார்னோக்கைட்டும் நைசும். அவை சிதைந்து வந்த மண்ணில் இது இல்லாமல் இருக்காது. ஓடை மணல் திட்டுகளில் இன்னும் அதிகம் சேர்ந்திருக்கும்.

ஆழத்தில் எண் உடைவதற்கு இதுதான் காரணம். பொருளிடமிருந்து வரும் சிக்னல் ஆழம் இரட்டித்தால் பாதியாகக் குறைவதில்லை. சின்னப் பொருளுக்கு, காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில், அறுபதில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் விழும். மண்ணின் சிக்னல் மட்டும் அப்படியே இருக்கும். கருவி இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணாக்குகிறது. மோதிரத்தின் பங்கு மெலிந்ததும் எண் மண்ணின் பக்கம், அதாவது இரும்பின் பக்கம் சரிகிறது. சத்தம் வருவதற்கு ஏதோ ஒரு அசைவு போதும். எண் வருவதற்கு அந்த அசைவின் வடிவம் சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் ஆழம் கூடும்போது முதலில் கெடுவது எண், கடைசியில் கெடுவது சத்தம்.

ஜார்ஜ் மன்னர் காலத்துக் கால் அணா, 4.86 கிராம் வெண்கலம், இதைவிட நன்றாக நின்றது. செம்மண்ணில் 20 செ.மீ. வரை 20க்கு 13. 9 கிராம் எடையுள்ள பழைய தடித்த 5 ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்தது, எங்கள் கருவியில் 44 காட்டியது. மோதிரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால், பழகுவதற்குத் தங்கத்தை மண்ணில் விடத் தேவையில்லை, இந்தக் காசு போதும். இப்போதைய 1 ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் எஃகு. அது 5 செ.மீ.யிலேயே இரும்புக்கும் 80க்கும் நடுவே தாவுகிறது. சோதனைக்கு அதை எடுக்காதீர்கள்.

செயினும் கொலுசும்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு பவுன் தாலிச் செயின், 16 கிராம். மோதிரத்தைப் போல நான்கு மடங்கு தங்கம். ஆனால் மோதிரம் 47 காட்டிய இடத்தில் செயின் 18க்கும் 30க்கும் நடுவே ஆடியது. 10 செ.மீ.யில் இருபதுக்கு எட்டு முறைதான் சத்தமே வந்தது. 15ல் எதுவும் இல்லை. கருவி எடையைப் பார்ப்பதில்லை. உலோகத்துக்குள் மின்சாரம் எவ்வளவு பெரிய வட்டமாகச் சுற்ற முடிகிறது என்பதைத்தான் பார்க்கிறது. மோதிரம் ஒரே வளையம். செயினில் ஒவ்வொரு கண்ணியும் தனித் தனிக் குட்டி வளையம். கண்ணிகள் தொட்டுக்கொண்டிருந்தாலும் தொடர்பு சரியாக இருக்காது.

வெள்ளிக் கொலுசும் அப்படித்தான். வெள்ளி ரூபாய் 90க்கு மேல் போகும் கருவியில், கொலுசு 35 முதல் 60 வரை திரிகிறது. கொஞ்சம் நிலையான எண் வந்தால் அது திருகிலிருந்து வருவது. கொலுசில் கட்டியான துண்டு அது ஒன்றுதான். வெள்ளி என்று சொன்னார்களே என்று 80க்கு மேலே மட்டும் தோண்டிக்கொண்டு போனால் கொலுசைத் தாண்டிப் போய்விடுவீர்கள். தாலிச் செயினில் தொங்கும் தாலி, காசு, குண்டு இவற்றில் தட்டையான பெரிய துண்டு எதுவோ அதுதான் சத்தம் தரும். தேடுவதற்கு முன்னால் தொலைத்த அம்மாவிடம் செயினில் என்னென்ன கோத்திருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது அவசியம்.

மூக்குத்திக்கு 11 அங்குலக் காயில் வேண்டாம். அரை கிராம் மூக்குத்தி 3 செ.மீ.க்குக் கீழே போனால் இந்தக் காயிலுக்குத் தெரியவில்லை.

கரிசல் வெடிப்பு

நேற்றுத்தான் விழுந்தது, மேலாகத்தான் கிடக்கும் என்று சொல்வார்கள். செம்மண்ணில் அது சரி. பங்குனி, சித்திரையில் கரிசல் காடு விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதில் விழுந்த மோதிரம் அன்றைக்கே ஒரு சாணுக்குக் கீழே போய்விடும். அதுவும் படுத்துக் கிடக்காது, சுவருக்கு நடுவே செங்குத்தாகச் செருகி நிற்கும்.

கட்டையை அரைச் சுற்று திருப்பி இதை அளந்தோம். 15 செ.மீ.யில் கால் அணா படுக்கையாக இருந்தபோது 20க்கு 20. செங்குத்தாக நிறுத்தியதும் ஒரு திசையில் வீசினால் நெருக்கமாக இரண்டு சத்தம், குறுக்குத் திசையில் வீசினால் ஏறக்குறைய மௌனம். பத்து வீச்சு வீணானது அந்தக் குறுக்குத் திசையில்தான். காயிலுக்கு நேர் கீழே காந்தப் புலம் மேலும் கீழுமாக ஓடுகிறது. விளிம்பில் நிற்கும் காசை அது தொடாமல் உரசிக்கொண்டு போய்விடும். காயில் கொஞ்சம் தள்ளிப் போகும்போதுதான் புலம் சாய்ந்து காசின் முகத்தில் படும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

கரிசலில் ஒரு நிலத்தை ஒரே திசையில் வீசி முடித்துவிட்டு இல்லை என்று சொல்லவே கூடாது. குறுக்கே இன்னொரு முறை வீச வேண்டும். நெருக்கமாக இரண்டு சத்தம் வந்தால் இரண்டுக்கும் நடுவே தோண்டுங்கள். வெடிப்பும் தன் பங்குக்கு வெற்றிடச் சத்தம் தரும். அது வெடிப்பின் நீளம் முழுக்கத் தொடர்ந்து வரும், பொருளின் சத்தம் ஓரிடத்தில் நின்றுவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கருவி கழித்துவிடும்படி சரிசெய்வது) எண்ணும் இறங்கிவிடும், காய்ந்த மண்ணுக்கு வைத்ததோடு போகக்கூடாது.

லாடம், ஆணி, சோடா மூடி

இரும்பு என்று வந்தால் விட்டுவிடலாமா? மூன்று அங்குல ஆணியை 10 செ.மீ.யில் வைத்தால் இரும்பு என்று சரியாகச் சொன்னது. மாட்டு லாடம் வேறு விஷயம். ஏர் பூட்டி உழுத பழைய நிலங்களில் இது ஏராளம். தட்டையான இரும்புத் தகடு என்பதால் ஒரு கோணத்தில் 75, 80 என்று ஆசை காட்டும். சோடா மூடியும் அதே வகை. 10 செ.மீ. வரைக்கும் இதைப் பிடிக்க வழி இருக்கிறது. காலால் சுற்றி வந்து தொண்ணூறு டிகிரி மாற்றி வீசினால் மோதிரத்தின் எண் மாறாது, லாடத்தின் எண் குதிக்கும்; காயிலின் ஓரத்தால் தொட்டால் இரும்புச் சத்தம் எட்டிப் பார்க்கும்.

15 செ.மீ.க்குக் கீழே இந்த வித்தை செல்லாது, மோதிரத்தின் எண்ணும் குதிக்கிறதே! அதை உறுதிப்படுத்த, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் ஆணியோ மோதிரமோ வைத்து, வீசுபவர் இரும்பா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். செம்மண்ணில் 10 செ.மீ.யில் இருபதுக்கு இருபதும் சரி. 20 செ.மீ.யில் இருபதுக்கு பதினொன்று. பூவா தலையா போட்டுப் பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மோதிரத்துக்கு அரையடி தள்ளி ஆணி கிடந்தாலும் 11 அங்குலக் காயில் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும். 10 செ.மீ.யிலேயே மோதிரம் காணாமல் போன வீச்சுகள் உண்டு. சுத்தமான நிலத்துக் கணக்கை, கட்டுக் கம்பியும் ஆணியும் இறைந்து கிடக்கும் களத்துமேட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆழமானி பற்றி ஒரு வார்த்தை. அது காசு அளவுள்ள பொருள் என்று நினைத்துக்கொண்டு சத்தத்தின் பலத்தை ஆழமாக மாற்றிச் சொல்கிறது. 10 செ.மீ.யில் இருந்த மோதிரத்துக்கு 15 என்றது. 30 செ.மீ.யில் புதைந்த பெயின்ட் டப்பா மூடிக்கு 12 என்றது.

சென்சிட்டிவிட்டி, மோட்டார்

ஆழம் வேண்டுமென்று சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்ததுதான் மூன்றாவது தப்பு. செம்மண்ணில் 15 செ.மீ.யில் உச்ச அளவில் 11 சரியாக வந்தது. எழுபது சதவீதத்துக்கு இறக்கியதும் 14. பொருளின் சிக்னலை மட்டும் அது பெருக்குவதில்லை, மண்ணின் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்குகிறது. கரிசலில் இறக்கியதால் லாபமில்லை, ஆழம்தான் குறைந்தது. அங்கே மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும் இடத்தில் அடியில் உலோகம் இல்லை என்று முதலில் பாருங்கள். காயிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை ஏற்றி இறக்கி, சத்தம் சமமாகும் வரை. வரப்பு மண்ணும் வயல் நடுவும் ஒன்றல்ல. வாய்க்கால் தாண்டினால் மறுபடி செய்ய வேண்டும்.

கிணற்று மோட்டார் ஓடும்போது 15 செ.மீ. கணக்கு கரிசலில் 17லிருந்து 10க்கு விழுந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளித்தான் குழாய் இருந்தது. அலைவரிசையை ஒரு படி மாற்றிப் பார்த்ததில் 13 வரை மீண்டது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவதே மேல். சட்டைப் பையில் கைப்பேசி, இடுப்பில் சாவிக் கொத்து, காலில் இரும்பு முகப்புள்ள பூட்ஸ், கைக்கெட்டும் தூரத்தில் மம்பட்டி, எதுவும் ஆகாது.

இப்போது தேடும் முறை

இந்தக் கணக்குக்குப் பிறகு வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. காயில் விட்டத்தில் பாதி, அதாவது 14 செ.மீ. வரைக்கும் எண்ணைக் கேட்பது. அதற்குக் கீழே சத்தம் வந்தால், இரும்பு என்றாலும் சரி, அடையாளம் வைத்துத் தோண்டுவது. கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடும்படி போனால், ஒரு சென்ட்டுக்கு ஒரு திசைக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. அடையாளத்துக்கு வேப்பங்குச்சி.

சத்தம் வந்த இடத்தில் ஒரேயடியாகத் தோண்டுவதில்லை. மம்பட்டியைப் படுக்கவைத்து 5 செ.மீ. மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வீசிப் பார்ப்பது. பொருள் பக்கத்தில் வரவர எண் ஓரிடத்தில் குவியும். இரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது இரண்டாவது சுரண்டலில் 45, 47 என்று நின்றால், அதற்கு மேல் மம்பட்டி வேண்டாம், மரக்கரண்டிதான். சுரண்டிய மண்ணை பிளாஸ்டிக் தாளில் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி அதன் மேலும் வீச வேண்டும். மோதிரம் மண்ணோடு வெளியே வந்திருக்கலாம். மண்ணள்ள இரும்புச் சட்டி எடுத்துக்கொண்டு வராதீர்கள், பிளாஸ்டிக் கூடைதான்.

டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை ஓட்டிய நிலத்தில் மண் 15 செ.மீ. வரை புரண்டிருக்கும். எண்ணை நம்பக்கூடிய எல்லையிலேயே பொருள் நிற்கும் என்று அர்த்தம். சட்டிக் கலப்பை ஓட்டியிருந்தால் அந்த எல்லை தாண்டிவிடும். தொலைந்த பிறகு என்ன ஓட்டினீர்கள் என்று கேட்டுவிட்டு, உழவு ஓடவில்லை என்றால் தேடி முடியும் வரை உழ வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

செலவும் அடுத்த முறையும்

பிவிசி குழாய் 290 ரூபாய், ஜிஐ துண்டு 150, லேத் கூலி 50, உருட்டுக் கட்டை இரண்டு 120. டேப்பும் நரம்பும் சேர்த்து மொத்தம் 660க்குள் முடிந்தது. கருவி ஏற்கெனவே இருந்தது.

அடுத்த முறை முக்கோணச் சட்டத்துக்கு அடியில் அகலப் பலகை ஒன்று வைத்துத் திருகி விடுவோம், புழுதியில் புதையாது. குழாயின் அடி வாயை மூடி போட்டு அடைக்க வேண்டும். இப்போது திறந்திருப்பதால் கரிசல் குழாயில் மழைத்தண்ணீர் ஊறி நின்றது, கட்டையில் ஒட்டிய டேப் உரிந்து காசு உள்ளேயே விழுந்துவிட்டது. மேல் வாய்க்குத் துணி அடைப்பு போதாது, எறும்பு புற்று வைத்துவிடுகிறது. செம்மண்ணில் ஒரே இடத்தில் அளந்ததை வைத்து முழு நிலத்துக்கும் பேசுவது சரியில்லை என்பதால், ஓடையோரத்தில் கருமணல் கூடுதலாக உள்ள பகுதியில் மூன்றாவது குழாய் இறக்கியாயிற்று. சாய்வு 45 டிகிரி, அளந்து பார்த்தது. அங்கே ஒரு கிலோ மண்ணுக்கு 21 கிராம் காந்தத் தூள் ஒட்டுகிறது. மோதிரத்தை இறக்கிய முதல் இருபது வீச்சில் 10 செ.மீ.யிலேயே சரியான எண் 12 முறைதான் வந்தது.